சடையங்குப்பத்துக் கட்டில்

தோழிகளே, இன்று நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

துறைமுக வேலையில் சேர்த்த பணத்தோடு அப்பா சடையங்குப்பத்தில் மனை வாங்கப் போனார். நானும் போனேன்.

"மேடாத்தான் கீது நைனா. ஒரு சொட்டு தண்ணி நிக்காது" என்றார் தரகர்.

தாகத்துக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டேன். உள்ளே கட்டில் கால்களின் கீழ் செங்கல் அடுக்கியிருந்தது. ஏன் என்று அந்த அக்காவிடம் கேட்டேன்.

"மழ பேஞ்சா வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணிம்மா. கட்டிலு மேலதான் ஸ்டவ்வ வச்சி சோறாக்குவோம்."

"இன்னாக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே!" என்று அப்பாவோடு பின்னாலேயே வந்த தரகர் கத்தினார்.

"நீ என் கூடப்பொறந்தவன்தான்டா. அதுக்காக இந்தப் பொண்ணு தண்ணியில தூங்கணுமா?"

அப்பா அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பணம் பத்திரமாக வீடு திரும்பியது.

மனை பார்க்கப் போனால் முதலில் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேளுங்கள்.

மேடான இடம் தெரிந்தால் நாளை சொல்லுங்கள். கட்டில் கால்களை நானே வந்து பார்ப்பேன். அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.