மலையில் குறையும் எடை

இயற்பியலில் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், மாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். சின்னமனூரில் லாரிகளுக்கு வாழைத்தார் ஏற்றிவந்த அப்பா, அதே அறையின் மூலையில் படுத்து முழங்கால்களுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார். மூட்டு தேய்ந்துவிட்டது, இனியும் சுமை தூக்கினால் நடை போய்விடும் என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அன்று ஈர்ப்பு விசைப் பாடம். இரு பொருள்களுக்கு இடையிலான தூரம் இருமடங்கானால் விசை கால்பங்காகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும் என்று விளக்கினேன். பிள்ளைகள் போனதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப, மேகமலையில மூட கனக்காதுன்னு நம்ம ஆளுக சொல்றது நெசந்தான?"

அங்குள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வந்த சுமைக்காரர்கள் அப்படித்தான் நம்பினார்கள். குளிரில் வியர்ப்பதில்லை, சீக்கிரம் களைப்பதில்லை; அதை மூட்டையின் குணமாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "காலு ரெண்டும் இங்கனயே கழண்டு கெடக்கு, இதுல மலைக்குப் போறாகளாம். படிச்சவதான, நீயாவது சொல்லு."

சொன்னேன். தூரத்தைத் தரையிலிருந்து அளப்பதில்லை. பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். அது ஏறக்குறைய ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர். அதனுடன் மேகமலை சேர்ப்பது ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். ஐம்பது கிலோ மூட்டையில் இருபது கிராம் குறைந்தால் அதிகம்.

"இருபது கிராம்னா?"

"ஒரு கைப்பிடி ஏலக்காய்ப்பா."

"கொறையுதுல்ல? பெறகென்ன" என்று சிரித்தார்.

கீழே அவரை யாரும் சுமைக்குக் கூப்பிடுவதில்லை, மலையில் ஆள் பற்றாக்குறை என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு வேலை கிடைக்காததையும் சொல்லவில்லை. அந்த வாரமே புறப்பட்டுப் போனார்.

மழைக்காலத்தில் ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்கு இறங்கும் சரிவில் மூட்டையோடு விழுந்திருந்தார். வலது கால் மடங்கவில்லை. அம்மா ஒருபுறமும் நான் ஒருபுறமும் தோள்கொடுத்து இறக்கினோம்.

"கனக்குதா ஆத்தா?" என்றார்.

"இல்லப்பா."

பொய்யில்லை. தோட்டத்துக் கூலியாட்களுக்கான லயன் வீட்டில் ஒருவேளை மட்டும் பொங்கித் தின்று உடம்பு பாதியாகியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு படி. அதன்முன் மூவரும் வெகுநேரம் நின்றோம்.