தோளில் கிடந்த கேபிள்

அக்கா வீட்டுக்காரரோடு ஒரே பட்டறையில் வேலை பார்ப்பதற்குப் பேசாமல் கல் உடைக்கப் போயிருக்கலாம். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை. அவர் வெல்டர், நான் பாதுகாப்பு மேற்பார்வை. சொல்வது என் வேலை, கேட்காமலிருப்பது அவர் வேலை.

வெல்டிங் கேபிள் நல்ல கனம். மாமா அதை வலது தோளில் போட்டு, கழுத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் பற்றவைப்பார். அவருடைய எல்லாச் சட்டையும் வலது தோளில்தான் முதலில் கிழியும். ஒட்டுப் போட்டே அக்கா சலித்துப்போனாள். "இவருக்குத் தார்ப்பாய்லதான் சட்டை தைக்கணும்" என்பாள். ஆனால் வேலை சுத்தம். அவர் பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டினால் எங்கும் தடுக்காது. அந்தத் திமிர் வேறு.

போன வருடம் காந்தப்புலம் அளக்க ஓர் அதிகாரி பெட்டியோடு வந்தார். மாமாவின் தோளருகே கொண்டுபோனதும் எண் எகிறியது.

"கரண்ட் ஓடுற கேபிளை வருஷக்கணக்கா உடம்போட ஒட்டி வெச்சிருந்தா, நரம்பு மெல்லச் செத்துப்போற வியாதி வர வாய்ப்பு கொஞ்சம் கூடலாம்னு சில ஆய்வுல சொல்றாங்க. சில ஆய்வுல இல்லைங்கறாங்க. உறுதியா யாருக்கும் தெரியல. ஆனா ஒரு முழம் தள்ளி வெச்சாலே நல்லாக் குறைஞ்சிடும்" என்றார்.

மாமா பிடித்துக்கொண்டது ஒன்றை மட்டும்தான். "அதான் உறுதியில்லைன்னுட்டாரே மாப்ள."

முதலாளியிடம் மல்லுக்கட்டி, கேபிளைத் தொங்கவிட மேலே ஒரு கொக்கி போட வைத்தேன். மாமா அதில் சாப்பாட்டுப் பையை மாட்டினார். அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன். அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. கொஞ்ச நாளில் கழுத்தில் ஒரு சுற்று இரண்டு சுற்றானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று பொறுக்க முடியவில்லை. பஸ் படிக்கட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், மெஷினை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழுத்திலிருந்து உருவினேன்.

"என்ன வீம்பு மாமா இது? கையில பிடிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

கேபிள் முனையில் அவர் பிடித்திருந்த ஹோல்டர் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"பிடி நிக்க மாட்டேங்குது மாப்ள" என்றார். "ரொம்ப நாளாவே. கொக்கியில மாட்டினாலும் கேபிள் கையை இழுக்குது. பாரத்தைத் தோள்ல போட்டாத்தான் கை தூக்குது."

கையுறையைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். நரம்பு வியாதின்னாரு. போகப் போக இன்னும் மோசமாகுமாம். கேபிளாலயான்னு கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னாரு."

இருக்கலாமாம், இல்லாமலும் இருக்கலாமாம். நான் யார் சட்டையைப் பிடித்து உலுக்குவது?

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இந்தப் படிக்கட்டு முடியட்டும். சொல்றேன்."

இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மேற்பார்வை பார்ப்பவன் அதைத்தான் செய்வான். நான் மெஷினைப் போட்டேன். இன்னொரு முகமூடியை மாட்டிக்கொண்டு, ஹோல்டரை அவர் கையில் வைத்து, அவர் விரல்களின் மேல் என் விரல்களை வைத்து இறுக்கினேன். பற்றவைப்பு கோணல்மாணலாகப் போனது. அவர் கையிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததில்லை.

முகமூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"உன் கைதான் ஆடுது" என்றார்.

"ஆமா மாமா" என்றேன்.