பாச்சை உருண்டை முடிச்சு

“சுத்தத்தால கெட்டுப்போன மெஷின் உலகத்துல ஒண்ணே ஒண்ணு காட்டு, ஓஸ்வால்ட். அன்னிக்கு உன் வீட்டுல வந்து டீ குடிக்கிறேன்.”

பெங்களூர் லிங்கராஜபுரத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான குட்டைச் சுவரின் இந்தப் பக்கம் நின்று இராஜமாணிக்கம் இப்படிச் சூளுரைத்தது 2003ஆம் வருட ஆயுத பூஜையன்று. சூளுரையின் கனம் புரிய வேண்டுமானால் அந்த டீயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தபால் துறையில் ஓய்வுபெற்ற ஓஸ்வால்ட் வீட்டில் மூன்று நாய்கள். மூன்றும் படுப்பது சமையலறையில். டீ கிளாசில் ஒரு முடியாவது இல்லாமல் இருக்காது. அது எந்த நாயுடையது என்று நிறத்தைப் பார்த்தே ஓஸ்வால்ட் சொல்லிவிடுவார். அந்த வாசலை இராஜமாணிக்கம் ஒருநாளும் மிதித்ததில்லை.

இராஜமாணிக்கம் கோலார் தங்கவயல்காரர். இருபது வருடம் பூமிக்கடியில் தூசியைத் தின்றவர், சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்து ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரானார். தின்ற தூசிக்கெல்லாம் அங்கே வஞ்சம் தீர்த்தார். மனிதர்களைச் சாதி, மதம், மொழி பார்த்து அவர் பிரித்ததே இல்லை. கழிவறையைப் பார்த்துத்தான் பிரித்தார். அந்தப் பரீட்சையில் இதுவரை தேறியவர் அவர் ஒருவரே.

மகள் தமயந்தி அனிமேஷன் படிக்கப் போனதால் கம்ப்யூட்டர் வாங்கினார். ஓஸ்வால்டும் கார் ரேஸ் விளையாட அதே கடையில், அதே நாளில், அச்சு அசலாய் அதே பெட்டியை வாங்கினார். ஆயுத பூஜைக்கு இராஜமாணிக்கம் தன் பெட்டியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே தூசி தட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் ஓஸ்வால்டின் தலை தெரிந்தது.

“உள்ளல்லாம் கைய வெக்காதப்பா மாணிக்கம். அது பாட்டுக்கு ஓடட்டும்.”

அதற்குத்தான் அந்தச் சூளுரை. தலை மறைந்ததும், பெட்டியை மூடுமுன், கரப்பான் நுழையாதிருக்கப் பீரோவுக்கு வைப்பது போலவே நாலு பாச்சை உருண்டையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து உள்ளே ஓர் இடுக்கில் செருகினார். மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையில் கோடு கோடாக வந்து, பிறகு ஒரே இருட்டு. மறுபடி போட்டால் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப். மறுநாள் காலை பத்து மணிக்குத் தமயந்திக்குக் கோரமங்களாவில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்கான நேர்காணல். தான் செய்த இரண்டு நிமிடப் படத்தைச் சிடியில் கொண்டுபோக வேண்டும். படமோ பெட்டிக்குள்.

“நைனா, கிராபிக்ஸ் கார்டு போயிருக்கு. இந்த பீப்புக்கு அதான் அர்த்தம்.”

“போறதுக்கு அது என்ன ஓஸ்வால்ட் வீட்டு கார்டா?”

முதலில் மானிட்டரைச் சந்தேகித்தார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பிறகு ராம் என்ற மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். அதில் பூசியிருப்பது தங்கம் என்று மகள் சொன்னதும், “இதெல்லாம் ஒரு தங்கமா” என்று முகம் சுளித்தார். பீப் மட்டும் அப்படியே இருந்தது.

“அங்கிள் கார்ட வாங்கிப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்” என்றாள் தமயந்தி.

“நாய் மசுரு ஒட்டுனத என் வீட்டுக்குள்ள கொண்டாருவியா?”

“கொண்டாராம, நாளைக்கு அங்க போயி பீப்னு கத்திக் காட்டட்டுமா?”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். தனியாக விடப்பட்ட இராஜமாணிக்கம் திருகாணியைக் கழற்றிக் கார்டை இழுத்தார். கூடவே முடிச்சும் வந்தது. பெட்டியின் சூட்டில் உருண்டைகள் மிளகளவுக்குக் கரைந்திருந்தன. முடிச்சு தளர்ந்து, துணியின் நுனி கார்டின் குட்டி விசிறிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. விசிறி நின்று எத்தனை நாளாயிற்றோ, பச்சைப் பலகை ஓரிடத்தில் தோசைக்கல் நிறத்துக்குக் கருகியிருந்தது. கருகலும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு வாடை. ஊரார் அழுக்கை நினைத்தே ஓங்கரித்தவருக்கு முதன்முறையாகச் சொந்தச் சுத்தத்தின் வாடையில் குமட்டியது. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: கரப்பான் ஒன்றுகூட இல்லை.

காலடிச் சத்தம் கேட்டதும் துணியைப் பிய்த்தெடுத்து, முடிச்சைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

ஓஸ்வால்டே வந்திருந்தார். தன் கார்டைப் பனியனோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதன் விசிறியில் பழுப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்று நிறத்திலும் முடி. இராஜமாணிக்கம் மூச்சை அடக்கி, இரண்டு விரல் நுனியால் அதை வாங்கிச் செருகினார். திரை பளிச்சென்று வந்தது.

“கார்டுதான், நான் சொல்லல?” என்று தமயந்தி உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டாள்.

ஓஸ்வால்ட் செத்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. “எங்க நாய் முடிதான் பறந்து வந்து அடைச்சிருக்கும் மாணிக்கம். பாப்பாவுக்கு ரொம்ப பேஜாராயிருக்கும். நாளையிலேர்ந்து அதுங்கள பின்னால கட்டிப்போட்டுடறேன்.”

“அதான் இருக்கும் நைனா” என்றாள் மகள், திரும்பாமலே.

இராஜமாணிக்கத்தின் கை சட்டைப் பைமேல் போனது. ஓஸ்வால்ட் தலையைக் குனிந்தபடி போனார்.

சிடி தயாராகி, மகள் அதன்மேல் தன் பெயரை எழுதும்வரை அவர் சட்டைப் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஓஸ்வால்ட் வீட்டு வாசலைத் தாண்டியதும் மூன்று நாய்களும் வந்து அவர் கையை நக்கின. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேஜைமேல் முடிச்சை வைத்தார்.

“நாய்ங்கள கட்டாத. அதுங்க ஒண்ணும் பண்ணல.”

ஓஸ்வால்ட் முடிச்சை எடுத்து மோந்து பார்த்தார். பிய்ந்த நுனியைப் பார்த்தார். சிரிப்பார் என்று இராஜமாணிக்கம் காத்திருந்தார். ஓஸ்வால்ட் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

“சக்கர எவ்ளோ?”

“ரெண்டு.”

கிளாஸ் வந்தது. விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது.

“இது யாருது?”

“ரோஸியுது.”

இராஜமாணிக்கம் தலையசைத்தார். கிளாசைத் திருப்பி, மறுபக்கத்தில் வாய் வைத்துக் குடித்தார்.