ஒன்பதாம் தூண் வரை ஆரஞ்சு

டேப் சுருளை எடுத்தால், அதன் நுனியை ஒரு விரற்கடை அளவு உள்ளே மடித்து ஒட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். அடுத்த தடவை நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடும் டேப்பிலும் அதே மடிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போய் மடிக்காமல் திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கு முழுக்க இவர் முகம் சரியாக இருக்காது.

கார் தொழிற்சாலையில் தரையில் கலர் டேப் ஒட்டிக் கோடு போடுவது அவர் வேலை. மனிதர் நடக்க ஒரு கோடு, இயந்திரம் நிற்க ஒரு கோடு. பள்ளி மைதானங்களில் ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தவர் இங்கே சேர்ந்து பத்தொன்பது வருடம். பெயரே டேப்காரர் என்றாகிவிட்டது. எஞ்சின் பிரிவுக்கு மஞ்சள், மின்சாரக் கார் பிரிவுக்கு ஆரஞ்சு. நிறுவனத்தின் திட்டம் அறிவிப்புப் பலகைக்கு வருமுன் தரைக்கு வந்துவிடும். அதனால் அவர் ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தாலே நாலு பேர் பின்னால் வருவார்கள்.

"ஜோசியரே, இன்னிக்கு என்ன கலரு?"

"போய் வேலையப் பாருங்கப்பா."

இரண்டு வருடத்துக்கு முன் இனி எல்லாம் மின்சாரம் என்றார்கள். வடக்குக் கூடம் ஆரஞ்சானது. பிறகு வண்டி விற்கவில்லை. தேங்கிய கார்களை நிறுத்த வெளியே கட்டம் போடச் சொன்னார்கள். இந்த வருடம் மறுபடி மனசு மாறி, எஞ்சின் கூடத்தையும் ஆரஞ்சாக்கு என்றார் மேலாளர். கூடவே ஒரு சுற்றறிக்கை: எஞ்சின் பிரிவில் விருப்ப ஓய்வு வேண்டுகிறவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

அங்கேதான் அவர் மனைவியின் தம்பி பதினாறு வருடமாக போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தான். கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினான். சைக்கிள் கடை வைப்பதாகத் திட்டம்.

"பஞ்சர் ஒட்டத் தெரியுமாடா ஒனக்கு?" என்றாள் அக்கா.

"கத்துக்கலாம்க்கா."

"நாப்பத்தி ரெண்டு வயசுல, ரெண்டு பொண்ண வச்சுக்கிட்டு! என்னங்க, நீங்களாவது சொல்லுங்க."

அவர் என்ன சொல்வார்? திங்கட்கிழமையிலிருந்து மைத்துனன் நிற்கும் இடத்தை நோக்கி முழங்காலில் நகர்ந்து ஆரஞ்சு ஒட்டிக்கொண்டு வருகிறவர் அவர்தானே.

வியாழன் மதியம் ஒன்பதாம் தூணருகே டேப் தீர்ந்தது.

"ஸ்டாக் இல்லண்ணே," என்றாள் ஸ்டோர்க்காரம்மா. "கேட்டு விட்டுருக்கேன். இன்னும் வரல."

சரி என்று தூணில் சாய்ந்து டீ குடித்தார். அவர் செய்தது அவ்வளவுதான். கூடமே அதைப் பார்த்தது. ஷிஃப்ட் முடிவதற்குள் 'ஆரஞ்சு நின்னுபோச்சு' என்ற சேதி கேன்டீனைத் தாண்டிக் கம்பெனி பஸ்ஸிலும் ஏறிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மைத்துனன் இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

"கிழிச்சுப் போட்டுட்டேன் மாமா!"

"எதடா?"

"லெட்டரத்தான்."

"அட மடையா! டேப் தீந்துபோச்சு மாப்ளே, வேற ஒண்ணுமில்ல."

மைத்துனன் கண்ணடித்தான். "வெளிய சொல்ல முடியாது. புரியுது மாமா."

"சத்தியமா தீந்துபோச்சுடா!"

"ஆமாமா, இம்மாம் பெரிய கம்பெனில டேப் தீந்துபோச்சாம். அக்கா, மாமா நடிக்கிறதப் பாரேன்."

அவள் வாயில் அதற்குள் இனிப்பு.

அதன் பிறகு ஐந்து வாரமும் தினம் காலையில் ஸ்டோர் ரூமை எட்டிப் பார்ப்பார், டேப் வந்திருக்கக் கூடாதே என்று. தன் பிழைப்புக்கான பொருள் வராதிருக்க வேண்டிக்கொண்ட ஒரே தொழிலாளி உலகத்தில் அவராகத்தான் இருக்கும்.

ஆறாவது வாரம் அறிவிப்பு வந்தது. மின்சாரக் கார் எதிர்பார்த்த அளவு போகவில்லை. எஞ்சினும் பேட்டரியும் கலந்த வண்டியைத்தான் ஆட்கள் கேட்கிறார்கள். எஞ்சின் கூடம் இன்னும் ஆறு வருடம் ஓடும். எழுதியும் கொடுக்காமல் விட்ட கடிதங்கள் பதினொன்று என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து ஜோசியரைத் தோளில் தூக்கினார்கள். "எறக்குங்கடா, எனக்கு ஒண்ணும் தெரியாதுடா!" என்று அவர் கத்தக் கத்த, அடக்கத்தைப் பார் என்று இன்னும் உயரே தூக்கினார்கள்.

ஒட்டிய ஆரஞ்சை அவரே உரித்தார். மைத்துனனும் ஓய்வு வேளையில் பக்கத்தில் மண்டியிட்டு உரித்தான்.

வருடக் கடைசியில் ஸ்டோர்க்காரம்மா அலமாரியை ஒழித்தபோது ஒரு கடித நகல் கிடைத்தது. ஆரஞ்சு டேப் இனி அனுப்ப வேண்டாமென்று தலைமை அலுவலகம் டேப் கம்பெனிக்கு எழுதியது. மேலாளருக்குக்கூட யாரும் சொல்லியிருக்கவில்லை. அதிலிருந்த தேதி, எஞ்சின் கூடத்தில் அவர் ஆரஞ்சு ஒட்டத் தொடங்கிய அதே திங்கட்கிழமை.