ஒரு சிட்டிகை சோடா உப்பும் என் பிழைப்பும்

கல்யாணச் சமையலில் உப்பு கூடினால் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம், காரம் கூடினால் தேங்காய் அரைத்துவிடலாம்; சோடா உப்பு கூடினால் ஊரைவிட்டுப் போவது ஒன்றுதான் வழி. அடுப்படியில் நின்றவர்களுக்கும், அங்கே வெந்ததைத் தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றவர்களுக்கும் இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ராசிபுரத்துக்காரன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சேலம் ஜில்லாவில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தவன். கூட்டாளி, சேலத்து அந்தோணி.

பொங்கும் குணம்

ஓமலூரில் ஒரு நிச்சயதார்த்தம். அந்தோணி ஆப்ப மாவில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினான். பெண்ணின் அத்தை, "இது எதுக்குங்க?" என்று மடக்கினார். மாவில் இருக்கும் புளிப்புப் பட்டதும் இந்த உப்பு காற்றை விடும், அந்தக் காற்றுதான் ஆப்பத்தை மெத்தென்று ஆக்கும் என்றான் அவன். அம்மாள் நம்பவில்லை.

உடனே ஒரு டம்ளர் புளித்த மோரில் சிட்டிகை போட்டுக் காட்டினான். மோர் நுரைத்து எழுந்து அவன் கையெல்லாம் வழிந்தது. அம்மாள் அதைப் பார்த்தார். பிறகு பந்தலில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எங்கூட்டுக்காரரும் இதே ரகந்தானுங்க. புளிப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொங்கி வழிஞ்சுருவாருங்க!"

அண்டாவும் வயிறும்

அடிப்பிடித்த அண்டாவுக்குச் சோடா உப்பைத் தூவி வெந்நீர் ஊற்றி வைப்போம். ஊறிய பிறகு தேங்காய் நாரால் தொட்டாலே கறுப்பு கழன்று வரும். திருச்செங்கோட்டில் அப்படி ஒரு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி முதலாளி வந்து நின்றார். முதல் பந்தியில் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டவர். மூச்சு விட முடியவில்லை. எலுமிச்சம்பழத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தேன்.

குடித்தார். ஒரு ஏப்பம் விட்டார் பாருங்கள், பந்தல் மேலே உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. முகம் தெளிந்துவிட்டது. "அண்டாவும் சுத்தம், வயிறும் சுத்தம். அடுத்த பந்தி எப்பங்க?"

ஜலகண்டாபுரத்துப் போண்டா

நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம். போண்டா மாவில் சோடா உப்பை நான் போட்டேன். நான் விறகு பார்க்கப் போன நேரத்தில், அண்ணன் மறந்திருப்பார் என்று அந்தோணி ஒரு சிட்டிகை போட்டான். அவன் எண்ணெய் எடுக்கத் திரும்பியதும், இந்த ஆம்பளைகளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது என்று மாப்பிள்ளையின் சித்தி தன் பங்குக்கு ஒரு கை அள்ளிப் போட்டார். நம் வீடுகளில் அடுப்படிக்குள் வருகிறவர்கள் எதையாவது போடாமல் போவதில்லை.

போண்டா எண்ணெயைக் குடித்துச் செக்கச் செவேலென்று வந்தது. கடித்தால் சோப்பு. ஒரு பெரியவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணி பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாயம் நல்லா ஏறியிருக்குதுங்க. தொவைச்சாப் போகாதில்லைங்க?"

பந்தியே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 'சோடாக்காரன்' என்ற பெயர் சந்தைக்குச் சந்தை பரவி, அந்த வைகாசி முழுக்க என்னை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. மாமனார் வீட்டு அரிசியில் சோறு தின்றேன். அவமானமாக இருந்தது. அந்தோணிதான் ஆறுதல் சொன்னான்: "இன்னொரு கலியாணம் கெட்டுதுன்னா நீங்க ராசிபுரத்துலயே நெய் விக்கலாங்கண்ணா. நான் சர்ச்சுல மணி அடிச்சுக்கறேன்."

நாமகிரிப்பேட்டைப் பருப்பு

ஆவணியில் ஒருவர் கூப்பிட்டார். மஞ்சள் வியாபாரி செல்லமுத்து, மகள் கல்யாணத்துக்கு. ஒரே நிபந்தனை: "நம்மூட்டு அடுப்படிக்குள்ள சோடா உப்பு வரப்படாதுங்க. சம்பந்தி ஊட்டுக்கும் சொல்லிப்போட்டேன்." வாசலில் அவர் தம்பி எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். மடியைக்கூட உதறிக் காட்டச் சொன்னார். காட்டினோம். இது கெட்டால் எனக்கு அடுத்த கல்யாணம் இல்லை.

எங்கள் பக்கத்தில் இலையில் முதல் சோறு பருப்புக்கும் நெய்க்கும்தான். அந்த வீட்டுக் கிணறோ உப்புத் தண்ணீர். அதில் துவரம்பருப்பு லேசில் வேகாது. ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டால்தான் இளகும். விளக்கெண்ணெய் விட்டேன், மஞ்சள் போட்டேன், விறகைக் கூட்டினேன். பருப்பு கூழாங்கல்லாகக் கிடந்தது. கெட்டிமேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் இலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்தோணி "மாதாவே, மாதாவே" என்றபடி கிண்டினான். 

செல்லமுத்து உள்ளே வந்தார். கரண்டியில் பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தன் மடியிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பியை எடுத்தார். உள்ளே வெள்ளைத் தூள். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோடா உப்பேதான்!

"நம்முளுக்கு வாயுத் தொந்தரவுங்க. தெனமும் இதுலதான் பொழப்பு ஓடுது. பண்டத்துலயும் போட்டுட்டாங்கன்னா வயிறு தாங்குமுங்களா? அதுக்குத்தான் அந்தக் கண்டிசன்" என்றவர், சிட்டிகை எடுக்க நான் கை நீட்டுவதற்குள் பதற்றத்தில் டப்பியையே கவிழ்த்துவிட்டார். நல்லவேளை, பெரிய அண்டா. தூள் போன இடம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பருப்பு வெண்ணெயாக இளகியது.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாம் முறை பருப்புக் கேட்டார். "சம்பந்தி சொன்னது செரிதானுங்க. சோடா போடாத பருப்போட வாசமே தனிங்க!" செல்லமுத்து இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

பந்தி முடிந்ததும் அவர் மறுபடியும் அடுப்படிக்கு வந்தார். வயிறு மத்தளமாக இருந்தது. காலி டப்பியை வருத்தத்தோடு பார்த்துவிட்டு ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினார். "ஏனுங்க, அந்தப் பருப்புலயே ஒரு கரண்டி இதுல ஊத்துங்க. வயித்துக்குக் கேக்குதான்னு பாப்பம்."

அன்று முதல் இந்த வட்டாரத்தில் சோடா உப்பைக் கையால் தொடாத சமையல்காரன் என்று பெயர் வாங்கினேன். உண்மையாகவே அன்றைக்கு நான் விரல் நுனியால்தான் தொட்டேன்.