அம்பத்தூரில் விழுந்த வாஷ்பேசின்

அம்பத்தூருக்குப் போக நினைப்பவர்களுக்கு முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தை அப்புறம் சொல்கிறேன். சீர்காழியிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரலுக்கு வந்து, ஆவடி பக்கம் போகும் மின்ரயிலில் உட்கார வேண்டும். டிக்கெட் இரண்டு ரூபாய். வில்லிவாக்கம் தாண்டியதும் வலப்பக்கம், கொரட்டூரில், ஓர் ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கும். அடுத்து பட்டரவாக்கம், அதற்கடுத்தது அம்பத்தூர். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு கதவருகே நிற்பார்கள். அவர்கள் இறங்கும் வேகத்தில் நம்மையும் இறக்கிவிடுவார்கள்.

1988 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, என் பள்ளிக் கபடிக் குழுவின் பத்துப் பெண்களோடு நான் அங்கே இறங்கினேன். நான் அவர்களுடைய உடற்பயிற்சி ஆசிரியை. தொழிற்பேட்டையை ஒட்டிய மைதானத்தில் பள்ளிகளுக்கான போட்டி. சனியன்று ஆரம்ப ஆட்டங்கள், ஞாயிறு காலை இறுதி ஆட்டம். இந்தப் பத்துப் பேரையும் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வருவதற்குள் நான் பட்டது போட்டியைவிடப் பெரிய ஆட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து, ஒவ்வொரு அம்மாவிடமும், "என் கண்ணு முன்னாடியே இருப்பாங்க" என்று சொல்லி அழைத்து வந்திருந்தேன்.

தங்குவதற்குப் போட்டிக்காரர்கள் சொன்ன இடம், அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு லாட்ஜ். மூன்று மாடி, வெளியே ரோஸ் வண்ணம். அறைக்கு நாளொன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய். மூன்று அறை எடுத்தோம். மேனேஜர் நாற்பது வயதுக்காரர், நெற்றியில் சந்தனம். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, "சத்தம் கித்தம் போடாம இருக்கணும் மேடம், இது பேமிலிங்க தங்கற எடம்" என்றார். நாங்கள் என்னவாகத் தெரிந்தோம் என்று அப்போதே கேட்டிருக்கலாம். முதல் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் கேட்கவில்லை.

அன்றைக்கு மூன்று ஆட்டம், மூன்றிலும் ஜெயித்தோம். எங்கள் பக்கம் பாடிப் போகிறவள் ஜெயந்தி. பதினைந்து வயது. ஒல்லியான உடம்பு, பிடித்தால் நழுவுகிற இடுப்பு. கடைசி ஆட்டத்தில் நான்கு பேரை ஒரே மூச்சில் தொட்டுவிட்டு அவள் கோட்டுக்குத் திரும்பியபோது, வேடிக்கை பார்த்த தொழிற்சாலைக்காரர்கள் விசிலடித்தார்கள். "எந்த ஊருமா இந்தப் பொண்ணு?" என்று ஒருவர் என்னிடம் வந்து விசாரித்தார். சீர்காழி என்று சொன்னபோது வந்த பெருமை எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் அறைக்குத் திரும்பினோம். ஜெயந்தி முகம் கழுவப் போனாள். நான் எங்களுடைய இன்னோர் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சத்தம், பிறகு தண்ணீர் பீறிடும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரிலிருந்த வாஷ்பேசின் மொத்தமாகக் கழன்று விழுந்து தரையில் நாலு துண்டாகக் கிடந்தது. அதன் நடுவே ஜெயந்தி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர். குழாயைத்தான் திறந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வலது பாதத்தின் மேல்பக்கம் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கைக்கு அகப்பட்ட லாட்ஜ் துண்டால் காலைக் கட்டி, நானும் குழுத்தலைவி வசந்தாவும் அவளைக் கீழே தூக்கி வந்தோம். மேனேஜர் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னா ஒடச்சீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வாசலில் நின்ற ஆட்டோக்காரர்தான் ஓடிவந்து, "ஏறுக்கா ஏறு, புள்ளைக்கு ரத்தம் ஊத்துது, பேசிகினு கீறீங்களே" என்று எங்களை உள்ளே தள்ளினார். தெருமுனை டாக்டரிடம் ஆறு தையல். ஆட்டோக்காரர் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட்டார். பத்து ரூபாய் நீட்டியதற்கு ஐந்துதான் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை இறுதி ஆட்டம். ஜெயந்தி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். மூன்று புள்ளியில் தோற்றோம். அவள் ஆடியிருந்தால் தோற்றிருக்க மாட்டோம். இதை நான் ஆசிரியையாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன்.

மதியம் பைகளை எடுக்க லாட்ஜுக்கு வந்தால் மூன்று அறைகளிலும் வேறு பூட்டு. மேனேஜர் ஒரு சீட்டை என் பக்கம் தள்ளினார். வாஷ்பேசின், குழாய், சுவர்ப் பூச்சு எல்லாம் சேர்த்து எழுநூற்றைம்பது ரூபாய். அதன் கீழே தனியாக ஒரு வரி: துண்டு ஒன்று, ரத்தக்கறை, இருபத்தைந்து ரூபாய்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சீட்டை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"உங்க பேசின் விழுந்து எங்க பொண்ணுக்கு ஆறு தையல். அந்த ரத்தத்துக்கு எங்ககிட்டயே காசா?"

"தானா உழுந்துச்சின்னு யாரு சொன்னது? பொண்ணுங்க மேல ஏறி தொங்கிக்கினு ஆட்டம் போட்டுகீதுங்க, வந்துட்சி. எத்தினி வருசமா கீது அந்த பேசின். ஒர்த்தரும் ஒடைக்கல."

"அவ முகம் கழுவிட்டிருந்தா."

"மேடம், காச வெச்சா பூட்டு தொறக்கும். இல்லாங்காட்டி உங்க ஸ்கூலுக்கு லெட்டர் போடுவேன். லாட்ஜில வந்து பொண்ணுங்க கூத்தடிச்சாங்கன்னு. அப்பால உங்க இஷ்டம்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எதைச் சொன்னால் நான் நடுங்குவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு கடிதம் போனால், பத்து வீட்டுக் கதவும் ஒரே நாளில் சாத்திக்கொள்ளும். பள்ளியில் கபடி என்ற பேச்சே இருக்காது. என்னிடம் இருந்ததோ திரும்பும் செலவுக்கான பணம் மட்டும். பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். 'கூத்தடிச்சாங்க' என்ற சொல் அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். களத்தில் யாருக்கும் குனியாத பெண் அவள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

"எழுதுங்க" என்றேன். "இப்பவே எழுதுங்க. எழுதறதை இவங்க முன்னாடி சத்தமாப் படிங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. நான் பெண்களை வாசல் படியிலிருந்து மாடிப்படி வரை வரிசையாக உட்காரச் சொன்னேன். பயிற்சிக்கு உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். ஜெயந்தியை மேசைக்கு நேர் எதிரே, காலை நீட்டி உட்காரவைத்தேன். அறை கேட்டு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் ஜெயந்தியின் காலைப் பார்த்து, "இன்னாமா ஆச்சு?" என்றாள். "ரூம் பேசின் காலு மேல விழுந்துச்சுங்க" என்றாள் ஜெயந்தி. அவர்கள் திரும்பிப் போனார்கள். அடுத்து வந்த வியாபாரியும் அப்படியே போனார். மேனேஜர் போலீஸுக்குப் போன் செய்தார்.

வந்தவர் ஓர் ஏட்டு. நரைத்த மீசை. வந்ததும் என்மேல்தான் பாய்ந்தார். "இன்னாமா, படிச்சவங்க நீங்க. வயசுப் புள்ளைங்கள இட்டுகினு வந்து வழிய மறிச்சிகினு குந்தியிருந்தா இன்னா அர்த்தம்?"

"அர்த்தம் மேல இருக்குங்க. வந்து பாருங்க" என்றேன்.

மேனேஜர் ஜெயந்தி முகம் கழுவிய அறையை மட்டும் திறந்தார். உள்ளே போனோம். பேசின் இருந்த இடத்தில் சுவரில் இரண்டு ஓட்டை. உள்ளே ஊறிப்போன மரக்கட்டை, அதில் துருப்பிடித்த இரண்டு ஆணி. "தொங்குனா புடுங்கிக்கினு தானே சார் வரும்" என்றார் மேனேஜர். ஏட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"பக்கத்து ரூமைத் திறக்கச் சொல்லுங்க. அதுல நாங்க தங்கல" என்றேன்.

மேனேஜர் சட்டைப்பையைத் தடவினார். "அத்தோட சாவி ஓனராண்ட கீது சார்."

"சாவி இல்லாத ரூம எப்டியா வாடகைக்கு உடற?" என்றார் ஏட்டு.

சாவி மேனேஜரின் கால்சட்டைப் பையிலேயே இருந்தது. கதவு திறந்தது. ஏட்டு பேசினின் விளிம்பில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். அது ஆடுகிற பல்லைப்போல முன்னால் வந்தது. சுவரிலிருந்து காரை உதிர்ந்து அவருடைய பூட்ஸ் மேல் கொட்டியது. அவர் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"த்தூன்னு நான் துப்புனாகூட உழுந்துடும் போல கீதேயா" என்றார். "புள்ள தலை மேல உழுந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? பைய எடுத்துக் குடு. டாக்டருக்கு இன்னா ஆச்சோ அதையும் குடு."

மற்றப் பூட்டுகளும் திறந்தன. டாக்டர் பணம் அறுபது ரூபாய் மேசைக்கு வந்தது. சீட்டை மேனேஜரே கிழித்தார். எனக்கு அது போதவில்லை.

"இவங்க உடைக்கலைன்னு சொல்லுங்க."

"அதான் பைய குட்த்தாச்சே."

"சொல்லுங்க."

"செரி, ஒடைக்கல" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"அவளைப் பார்த்துச் சொல்லுங்க."

ஏட்டு அங்கேயே நின்றிருந்தார். மேனேஜர் ஜெயந்தியைப் பார்த்து, "நீ ஒடைக்கலமா" என்றார். அவள் தலையசைக்கக்கூட இல்லை. கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர்தான் பார்வையைத் திருப்பினார்.

சாயங்கால மின்ரயிலில் பெண்கள் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். கோப்பை கையில் இல்லை என்பதையே மறந்திருந்தார்கள். ஜெயந்தி மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொரட்டூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், கிரவுண்டுல அடிபட்டுச்சுன்னு வீட்ல சொல்லிக்கட்டுமா?"

"ஏன், நீ என்ன தப்பு பண்ணினே?"

"தப்பு பண்ணல. ஆனா லாட்ஜுன்னா..."

நானே வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். திங்கள் காலை சீர்காழியில் இறங்கியதும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பேசின் ஆடியதை, காரை உதிர்ந்ததை, ஏட்டு சொன்னதை, மேனேஜர் அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை. அந்த அம்மா முழுவதையும் கேட்டார். மகளின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் காப்பி கொடுத்தார்.

"நீங்க சொல்றது அத்தனையும் நெசம்தான் டீச்சர். எம்பொண்ணுக்காக நின்னீங்க, அதை மறக்க மாட்டேன். ஆனா இந்தத் தெருவுல இத்தனையும் யாரு கேப்பாங்க? லாட்ஜு, போலீஸ். இந்த ரெண்டு வார்த்தைதான் அவங்க காதுல விழும். இனிமே இவ வரமாட்டா. கோவிச்சுக்காதீங்க."

ஜெயந்தி உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து தெருவில் நின்றேன். அம்பத்தூரில் தட்டிக் கேட்க ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார், சுவரில் இரண்டு ஓட்டை இருந்தன. கைநீட்டிக் காட்ட முடிந்தது. இங்கே அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் வந்த கோபத்தை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், ரயிலில் வந்த அதே உடுப்போடு முதல் மணிக்குப் பள்ளிக்கு நடந்தேன்.