பச்சை நூல் போட்ட மூட்டை

பினாங்குக் கப்பலுக்கு என் பெட்டியைக் கட்டியது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிற எல்லோரும், "என்னத்த பெட்டி கட்டின நீ?" என்று என்னைத்தான் பிடிக்கிறார்கள். அன்று என் இரண்டு கையிலும் இரண்டு காலிலும் மருதாணி. சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைத்துவிட்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட யாராவது வாயில் ஊற்ற வேண்டும். அந்த நிலைமையில் நான் எதைக் கட்டுவது?

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு சிதம்பரத்தில். கல்யாணமாகி மருதாணி மங்குவதற்குள் மச்சான் பினாங்குக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. மூன்று வருஷத்துக்கு மேல் போட்டோவோடு குடும்பம் நடத்தினேன். ஒருவழியாக என்னைக் கூப்பிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் ரோஸ் கலர் நைலான் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பி, "இதைக் கட்டிக்கொண்டு இறங்கு, கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும்" என்று எழுதியிருந்தார். அப்படியானால் என் முகம் மறந்துபோய்விட்டதா? அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். அவர் முன்னால் பார்க்கிற மாதிரி போய் இறங்க வேண்டும்.

பெட்டி கட்ட மாமா கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, வந்தார். அம்மாவின் தம்பி. என்னைப் பெற்ற அத்தா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். துறைமுகத்தில் படகுகளில் மூட்டை ஏற்றுகிற இடத்தில் அவர் மேஸ்திரி. ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. பித்தளைத் தவலைக்குள் பருப்பைக் கொட்டினார், பருப்புக்குள் டம்ளர்களைப் புதைத்தார், டம்ளர்களுக்குள் முந்திரியை நிரப்பினார். ஊறுகாய் ஜாடியின் வாயை மெழுகு ஊற்றி அடைத்து, அதைச் சுற்றி என் புடவைகளை ஒவ்வொன்றாகச் சுற்றினார்.

"கண்ணாடி சாமானுக்குப் பொடவையவிட நல்ல வைக்கோல் கெடையாது" என்றார். என் புடவைகளுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

"மாமா, அந்த ரோஸ் பொடவ..." என்று இழுத்தேன்.

"எறங்குற அன்னிக்குத்தானம்மா அது வேணும்? எது கடைசியா வேணுமோ அது அடியில போவணும். கப்பல்ல சரக்கு ஏத்துறதே அப்படித்தான்." நைலான் அடிப்பலகைக்குப் போனது. அவர் பேசியது நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

சாமான் ஏற்றி முடித்ததும் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினார். தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை அவிழ்க்க அவரே வந்தால்தான் உண்டு. அதன் பிறகு அமானிதச் சாமான்கள் வரத் தொடங்கின.

எங்கள் தெருவில் ஒருவர் சபர், அதாவது கடல் கடந்து பயணம், போகிறார் என்றால், அக்கரையில் ஆள் இருக்கிற வீடெல்லாம் ஆளுக்கொரு மூட்டை கொண்டுவந்து கொடுக்கும். இடியப்ப மாவு, கருவாடு, சீயக்காய், புது லுங்கி. எல்லாம் வெள்ளைத் துணியில் வைத்துச் சுற்றித் தைத்திருக்கும். அது அமானிதம். கொடுத்தவர் தைத்தபடியே வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும். நடுவில் இருக்கிறவர் அந்தத் தையலைத் தொட்டால் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும் என்பார்கள். மாமா பென்சிலை எச்சில் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினார். அதில்தான் வந்தது வினை. பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்களே!

"யாருக்கும்மா இது?"

கதவுக்குப் பின்னாலிருந்து, "அவுங்களுக்குத்தான்."

"எவுங்களுக்கு? அக்கரையில இருக்குற அத்தினி பேரும் அவுங்கதான்!"

கதவுக்குப் பின்னால் சிரிப்புதான் வரும், பெயர் வராது. அதனால் அந்த மாதிரி மூட்டைகளில் பெயர் இருக்காது. கலர் நூலால் தைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் நூலைப் பார்த்தே தன்னுடையது என்று தெரிந்துகொள்வார். பெயரில்லாத மூட்டை என்றால் ஒரு பெண்டாட்டி புருஷனுக்கு அனுப்பியது என்று அர்த்தம். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"எறங்கின ஒடனே வந்து கேப்பாங்க, இதெல்லாம் கையிலயே இருக்கட்டும்" என்று மாமா மூட்டைகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அடுக்கிவிட்டார். தலையணை, போர்வை, சொம்பு, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் ஒரு படுக்கைச் சுருளில் போயின. ஆக எல்லாம் முடிந்தது. எனக்கு வழியில் மாற்றிக்கொள்ள ஒரு துணி வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. படுக்கைச் சுருளில் அம்மா வைத்திருப்பாள் என்று மாமா நினைத்தார், நானும் அப்படியே நினைத்தேன். பெட்டியில் மேலாக வைத்திருப்பார் என்று அம்மா நினைத்தாள்.

சிதம்பரம் ஸ்டேஷனுக்குத் தெருவே வந்துவிட்டது. கல்யாணப் பட்டைக் கட்டி, மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, கழுத்து நிறைய நகையோடு நான் நின்றேன். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கையில் இன்னொரு வெள்ளை மூட்டை. பச்சை நூல் தையல், பெயர் இல்லை.

"இத மட்டும் சாக்குல போடாத. பக்கத்துலயே வச்சுக்க" என்றாள்.

"யாருக்கும்மா?"

அம்மா பின்னால் திரும்பினாள். மாமா, மாமாவின் சேக்காளிகள், எனக்குத் துணையாகக் கப்பலில் வரப்போகிற பரங்கிப்பேட்டைப் பெரியவர் என்று எல்லாம் ஆம்பளைகள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒனக்குத் தெரியாதா? பொம்பளைங்க சமாச்சாரம்" என்றாள். வண்டி நகர்ந்தது. எவளோ கூச்சக்காரி அம்மா மூலமாகப் புருஷனுக்குக் கொடுத்தனுப்புகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை அடித்ததில் பட்டு இடுப்புவரை நனைந்தது. என் பெட்டி வலையில் தொங்கியபடி கப்பலின் அடித்தளத்துக்குப் போனதைப் பார்த்தேன். பினாங்கில்தான் இனி வெளியே வரும் என்றார்கள். மேல்தளத்தில் பெண்கள் பக்கத்தில் இடம் பிடித்துப் படுக்கைச் சுருளைப் பிரித்தேன். உதறினேன். தலையணை உறைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு நூல்கூட இல்லை.

அன்று மாலையே கடல் தன் வேலையைக் காட்டியது. வாந்தி எடுத்தேன், என் மேலேயே எடுத்தேன். உப்புத் தண்ணீரால் துடைத்ததில் பட்டு பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. வாடை தாங்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிப் போகிற ஓர் அம்மா இருந்தார். விருத்தாசலத்துக்காரர். மறுநாள் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏம்மா, மாத்துத் துணி இல்லையா? என்னுது ஒண்ணு தரட்டுமா?"

"இருக்கு, இருக்கு. அப்புறம் மாத்திக்கிறேன்" என்றேன். கழுத்தில் அத்தனை நகை. ஒரு புடவைக்கு வழியில்லை என்று எந்த வாயால் சொல்வது? அந்த வெயிலில் துப்பட்டியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். என்னைச் சுற்றிலும் ஆட்கள் மெல்ல மெல்லத் தள்ளிப் படுத்தார்கள். அதைப் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

போதாததற்கு வழியிலேயே எனக்குத் தூரம் வந்துவிட்டது. யா அல்லா, அதை எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும். மாற்றுப் புடவை வேண்டாம் என்று வீறாப்பாகச் சொன்ன அதே வாயால், அந்தத் தோட்டத்து அம்மாவிடம் போய்ப் பழைய துணி கேட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் புடவை ஒன்றை எடுத்துப் பாதியாகக் கிழித்தார். கிழித்த பிறகு என் தலைமாட்டைக் காட்டினார்.

"அந்த மூட்டையில என்னா இருக்கு? மெத்துனு துணியாட்டம் இருக்கே."

"அது அமானிதம். யாரோ வீட்டுக்காரருக்கு அனுப்புனது."

"ஆபத்துக்குப் பிரிச்சா என்னாவாம்?"

"ஐயோ, அதெல்லாம் தொடக் கூடாது" என்று இரண்டு கையாலும் மூட்டையை மூடிக்கொண்டேன். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாறினாலும் அமானிதம் காக்கிறவள் நான்! இரவெல்லாம் அந்த மூட்டையில்தான் தலைவைத்துப் படுத்தேன். அதில் எங்கள் வீட்டுப் பெட்டியின் வெட்டிவேர் வாசனை அடித்தது. அம்மாவின் கை பட்டதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

பினாங்கு வந்தது. சுங்கத்தில் ஒருவர் சாக்கைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அடித்தளத்துப் பெட்டிகள் மறுநாள்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே எங்கள் ஊர் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். நடுவில் மச்சான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார், மீசை புதிது. நான் நேராக அவரைப் பார்த்தேன். அவர் கண் என்னைத் தாண்டிப் பின்னால் போய் ரோஸ் கலரைத் தேடியது. பரங்கிப்பேட்டைப் பெரியவர்தான், "மாப்ள, இங்க பாருங்க, இதுதான் ஒங்க வீட்டம்மா" என்று சொன்னார். பக்கத்தில் வந்தவர் வாடை பட்டதும் ஒரு நொடி நின்றுவிட்டார். அந்த ஒரு நொடி போதும். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"ஒடம்பு சரியில்லையா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குள் ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெயர் படிக்கப் படிக்க மூட்டைகளை வாங்கினார்கள். கலர் நூல்காரர்கள் நூலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் என் கக்கத்தில் பச்சை நூல் மூட்டை மட்டும் மிஞ்சியது. கூட்டத்தில் ஒருவருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர்.

"பச்சயா? எங்க வீட்ல பச்ச நூலுதான் இருக்கும். அப்ப என்னுதுதான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். உரியவரிடம் சேர்த்துவிட்ட நிம்மதி எனக்கு. சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள். "பிரிங்க, பிரிங்க, என்னா அனுப்பியிருக்குன்னு பாப்பம்!" அவரும் பல்லால் நூலைக் கடித்துத் தையலை இழுத்தார்.

முதலில் வந்தது வெங்காயச் சருகு கலரில் ஒரு புடவை. அம்மாவின் புடவை. பெருநாளுக்குப் பெருநாள் மட்டும் அம்மா கட்டுவது. அதற்குள் இன்னொரு நூல் புடவை, ரவிக்கை, சோப்பு, சீப்பு. என்னவென்று புரியாமல் அவர் இன்னும் இழுக்க, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து அடுக்கடுக்காக மடித்து வைத்த மாதத் துணிகள் அவர் கையிலிருந்து தரையில் விழுந்தன.

அவர் மூட்டையை அப்படியே கீழே வைத்தார். பிறகு அத்தனை ஆம்பளைகளும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, திரும்பி நின்று கடலைப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் குனிந்தார். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணிக்குள் வைத்தார். "ஒன்னுதா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து, துப்பட்டியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதேன்.

பெட்டியைக் கயிறு கட்டிய பிறகுதான், வழிக்கு மாற்றுத் துணி எதுவும் வெளியில் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவிடம், முடிச்சை அவிழ்த்து என் துணியில் இரண்டு எடுத்துக் கொடு என்று கேட்டால், எதற்கு என்பார். தம்பியானாலும் ஆம்பளை, அவரிடம் மாதத் துணிப் பேச்சை எப்படி எடுப்பாள்? தன்னிடம் இருந்த நல்ல புடவைகள் இரண்டையும் எடுத்து, கப்பலில் திருட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று தைத்துவிட்டாள். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கம். வாய்விட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் பெற்ற பெண்தானே நான்!

அன்று குளித்துவிட்டு அம்மாவின் புடவையைத்தான் கட்டினேன். ரவிக்கை தோளில் வழிந்தது. மச்சான் பார்த்துவிட்டு, "நைலானவிட இது ஒனக்கு நல்லாருக்கு" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று தெரியும். அதற்கும் அழுதேன்.

அந்த மாதமே பெருநாள் வந்தது. மச்சான் தொழுகைக்குப் போயிருந்தார், நான் அடுப்பங்கரையில் நின்றேன், உடம்பில் அந்த வெங்காயச் சருகுப் புடவை. சிதம்பரத்தில் பெருநாளன்று தெருப் பெண்கள் எல்லோரும் புதுசு கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். அம்மாவுக்கு எங்கேயாவது ஒட்டு போட்ட புடவையோடு போய் நிற்பதென்றால் உயிர் போய்விடும். அன்றைக்கு அவள் உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருப்பாள்.